சூசையப்பர் பேசவே இல்லையாம்

கச்சிராயபாளையம் கூட்டு ரோட்டில் வேனை நிறுத்திய சிங்கராயனுக்கு, அங்கே பையோடு நின்றிருந்த பெண் தன் மகள்தான் என்பது முதலில் உறைக்கவே இல்லை. சுரிதாரைத்தான் முதலில் பார்த்தார். இந்தக் கலரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். பார்க்காமல் என்ன, ஈஸ்டருக்கு அவரே எடுத்துக் கொடுத்த துணிதான். அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் மனைவி பிலோமினா நிற்பதையும் பார்த்தார். 

அந்த வேன் எங்கே போகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலைக் கிராமங்களில் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மலை இறங்கி, கள்ளக்குறிச்சி பைபாஸில் நிற்கும் மில் பஸ்ஸில் சேர்க்க வேண்டும். அந்த பஸ் அவர்களைத் திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குக் கொண்டுபோகும். வேலையும் அங்கேதான், ஹாஸ்டலும் அங்கேதான். உள்ளே போனால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோதான் வெளியே விடுவார்கள். பிள்ளை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் நாராயணசாமி காலையில் போனில் சொல்லியிருந்தார்: "சூசை, எறங்கி வரும்போது கூட்டு ரோட்டுல ஒரு பொண்ணு நிக்கும், ஏத்திக்கோ. ஒனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. ஊரே 'சூசை' என்று கூப்பிடும் சிங்கராயன் வழக்கம்போல "ம்" என்றார்.

அந்த "ம்" இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சிங்கராயனுடைய அப்பா ராயப்பன் வாய்க்குப் பேர்போனவர். சாராயம் உள்ளே போனால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பெண்டாட்டியை, பிள்ளைகளை, மாட்டை, மழையை, ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். சிறுவனாக இருந்த சிங்கராயன் காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பான். ஒரு மனிதனுடைய வாய் ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்பதை அவன் அங்கேதான் படித்தான்.

கல்யாணம் ஆன வருஷம், சூசையப்பர் திருநாளன்று அப்போது ஊர்க் கோயிலில் இருந்த பங்குசாமியார் ஒரு பிரசங்கம் வைத்தார். "வேதாகமம் முழுக்கத் தேடிப் பாருங்கள். இயேசுவை வளர்த்த சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கூட இல்லை. உழைத்தார், குடும்பத்தைக் காப்பாற்றினார், வாயைத் திறக்கவில்லை. குடும்பத் தலைவன் என்றால் அப்படி இருக்க வேண்டும்" என்றார். கோயிலில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் மறக்கவில்லை. சாமியார் ஏதோ குடிகாரர்களுக்கு உறைக்கட்டும் என்று சொல்லியிருப்பார். சிங்கராயன் அதை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டு. அதட்டல் இல்லை, கோபம் இல்லை, சந்தேகக் கேள்வி இல்லை. சம்பாதித்ததைக் கொண்டுவந்து பிலோமினா கையில் கொடுப்பார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். முதலில் பிலோமினாவுக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் "குடுத்து வச்சவடி நீ" என்று பெருமூச்சு விட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் போனபிறகுதான், தான் கட்டிக்கொண்டது மனுஷனையா கோயில் சுரூபத்தையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. சுரூபத்துக்கு முன்னால் நின்றாலாவது நாம் சொல்வதை யாரோ கேட்கிறார்கள் என்று தோன்றும்.

பேசாத மனிதருக்கும் தேவை என்று ஒன்று இருக்குமே. அதற்கு வேன் ஹாரன் இருந்தது. வீட்டு வாசலில் ஒரு ஹாரன் அடித்தால் கதவைத் திற. இரண்டு அடித்தால் டீ போடு. நீளமாக ஒன்று அடித்தால் கிளம்பியாயிற்று, ஏறு. தெருவில் எல்லோருக்கும் இந்த பாஷை அத்துப்படி. "சூசை வூட்ல டீ கேக்கறாருடி" என்று எதிர்வீட்டிலிருந்தே குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் பிறந்த ஒரே மகள் எழில்மதியும் சிரித்துக்கொண்டுதான் வளர்ந்தாள். வயது ஏறஏறச் சிரிப்பு குறைந்தது.

இந்த மே முதல் தேதி, தொழிலாளர்களின் சூசையப்பர் திருநாளன்று, கோயிலில் எல்லோரும் அவரவர் தொழில் சாமான்களைப் பீடத்துக்கு முன்னால் வைத்து மந்திரித்துக்கொண்டார்கள். கொத்தனார் கரண்டியை வைத்தார். தையல்காரி கத்தரிக்கோலை வைத்தாள். சிங்கராயன் வேன் சாவியை வைத்தார். புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் அவரைக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்தி, "இந்தக் காலத்துக் குடும்பங்களுக்கு, நம் பங்கில் ஒரு சூசையப்பர்" என்றார். ஒரே கைதட்டல். பிலோமினாவும் தட்டினாள். எழில்மதி தட்டினாளா என்று அவர் கவனிக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவரின் வேன்தான் இப்போது கூட்டு ரோட்டில் நிற்கிறது.

என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். பெற்றவன், வேறு யார் கேட்பது? ஆனால் இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்த வாய், அவசரத்துக்குத் திறக்குமா? கை, பழக்கதோஷத்தில், எங்கே போகுமோ அங்கேயே போனது. ஹாரன் நீளமாக அலறியது.

எழில்மதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக ஏறி உட்கார்ந்தாள். அந்த ஹாரனுக்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

பிலோமினா ஜன்னல் பக்கம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "ஒங்க இஷ்டப்படியே அனுப்பியாச்சு. போதுமா?" என்றாள்.

என் இஷ்டமா? சிங்கராயன் அவளையே வெறித்துப் பார்த்தார். பின்னால் நின்ற டவுன் பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவருடைய கால் ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டது. வேன் நகர்ந்துவிட்டது. அதைத்தான் அவர் பிற்பாடு நினைத்து நினைத்து நடுங்கினார். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அவருடைய காலேதான்.

பின்னாலிருந்து பிலோமினா கத்தியது நன்றாகக் கேட்டது. "சூசையப்பராம் சூசையப்பரு! அவர் பேசலன்னு யாருய்யா சொன்னா? கனவுல மோட்சத்துலேருந்து சம்மனசு வந்து புள்ளைக்கு இயேசுன்னு பேர் வைன்னு சொல்லிச்சு, வச்சாரா இல்லியா? வாயத் தொறக்காம ஹாரன் அடிச்சா பேர் வச்சாரு?"

கூட்டு ரோடே திரும்பிப் பார்த்திருக்கும். சிங்கராயன் திரும்பவில்லை. கியரை மாற்றினார். காதில் மட்டும் அது நின்றுவிட்டது. பேர் வச்சாரா இல்லியா.

வேனுக்குள் மலைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மலை இறங்கும்போது ஒருத்தி வாந்தி எடுத்திருந்தாள். அவள் பெயர் தனுஷா. ஒல்லியான பெண், காதில் பிளாஸ்டிக் தோடு. அவள்தான் எழில்மதியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த டிரைவர் அண்ணன் ஊமையா? வாந்தி வருது நிறுத்துங்கன்னு நான் கத்தறேன், ஒரு வார்த்த பேசல."

"ஊமை இல்ல. எங்க அப்பா."

தனுஷா முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"உங்க அப்பாவா? சொந்த அப்பாவேவா கொண்டாந்து வுடறாரு?"

"அவர்தான் முடிவு பண்ணாரு. பொண்ண மில்லுக்கு அனுப்பறியான்னு நாராயணசாமி அண்ணன் கேட்டதுக்கு சரின்னுட்டாராம். அந்த அண்ணன் வூட்டுக்கு வந்து சொன்னப்புறம்தான் எங்களுக்கே தெரியும்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிங்கராயன் காதில் அது விழுந்தது. சரி என்றேனா? நானா? எப்போது?

ஞாபகம் வந்தது. கோமுகி அணைப் பக்கத்து டீக்கடை. நாராயணசாமி வடையைக் கடித்துக்கொண்டே, "ஏன் சூசை, பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டு சும்மாதானே கீது? நம்ம மில்லுக்கு அனுப்பேன்" என்று கேட்டார். சிங்கராயனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சூசையப்பர் கோபப்பட மாட்டாரே. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். என் மகளையாடா கேட்கிறாய் என்று மனசுக்குள் ஆயிரம் திட்டு. எல்லாம் உள்ளேயே. வெளியே இருந்து பார்த்த நாராயணசாமிக்கு என்ன தெரியும்? வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியானால் சரிதான் என்று நேராக வீட்டுக்கே போய்ப் பேசி முடித்துவிட்டார். கேட்டாலும் பதில் வராது என்று வீட்டிலும் அவரை யாரும் கேட்கவில்லை.

அதற்கும் முந்தி ஒன்று நடந்தது. அதுவும் இப்போது ஞாபகம் வந்தது. ரிசல்ட் வந்த அன்று எழில்மதி வந்து முன்னால் நின்றாள். "அப்பா, நல்ல மார்க்கு. நான் நர்சிங் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பரம்பரையிலேயே பத்தாவதைத் தாண்டினவர் கிடையாது. சிங்கராயனுக்குக் கண்ணீர் வந்துவிடும் போலிருந்ததால் எழுந்து வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார். மறுநாளிலிருந்து, ஃபீஸுக்கு ஆகுமே என்று, மலைக்குக் கூடுதலாக ட்ரிப் அடிக்க ஆரம்பித்தார். சூசையப்பரும் இப்படித்தான் சொல்லாமல் செய்திருப்பார் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது.

அவள் பார்த்தது என்ன? வாயைத் திறந்து கேட்டாள். அப்பா எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி வந்துவிட்டது. பைபாஸில் மில் பஸ் இன்ஜினை அணைக்காமல் நின்றது. வார்டன் மாதிரி ஒரு அம்மா கையைத் தட்டி, "சீக்கிரம் எறங்குங்கடி, டைம் ஆவுது" என்றாள். பிள்ளைகள் பையும் மூட்டையுமாக இறங்கினார்கள். எழில்மதியும் இறங்கினாள். டிரைவர் பக்கம் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

சிங்கராயனின் கை மறுபடியும் ஹாரனுக்குப் போனது. பாதியில் நின்றது. சூடுபட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். கதவைத் திறந்து கீழே குதித்தார்.

"எழில்மதி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை. யார் கூப்பிட்டது என்று பஸ்ஸையும் டீக்கடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் குரல் யாருடையது என்று பெற்ற மகளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெயரை வைத்ததே சிங்கராயன்தான். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் சாமியார் "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று கேட்டபோது, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் சொல்கிறார்.

"எழில்மதி, இங்க. நான்தான்."

அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. வார்டன் அம்மாளின் கைதட்டலும் நின்றது. மலைப் பிள்ளைகள் பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார்கள்.

"நான் சரின்னு சொல்லல கண்ணு. அவன் கேட்டான். நான் பேசல. அவ்ளோதான்."

எழில்மதி விழுந்த பையை எடுக்கவில்லை. "நான் கேட்டப்பவும்தான் பேசல. அதுக்கு இன்னா அர்த்தம், இதுக்கு இன்னா அர்த்தம்னு நான் எப்படிப்பா தெரிஞ்சிக்கறது? என்மேல இன்னா கோவம்னு தெரியாமயே இத்தினி வருசம் இருந்துட்டேன்."

"கோவமா? ஒம்மேலயா?" அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மறுபடியும் ஆரம்பித்தார். "படி. நீ நர்சிங்கே படி. அதுக்குத்தான் இந்த ட்ரிப்பே ஓட்டிக்கினு இருந்தேன்."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அவள் மெல்லத் திரும்பி, பஸ் படியில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இதுங்களக் கொண்டாந்து இங்க வுட்டா, நான் அங்க படிக்கலாம். அதானப்பா?"

அன்றைக்கு அவருக்கு விழுந்த அடிகளில் இதுதான் பெரிது. சூசையப்பர் பீடத்துக்கு முன்னால் வைத்து மந்திரித்த சாவி அவர் கையில் இருந்தது. எத்தனை பிள்ளைகள் அந்த வேனில் அழுதுகொண்டே வந்திருக்கிறார்கள்! கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பேசாமல் ஓட்டுவதுதான் நல்லவன் லட்சணம் என்று ஓட்டியிருக்கிறார். ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டதில்லை. போக இஷ்டமா என்று கேட்டதில்லை. அப்பா ராயப்பனின் வாய் ஒரு வீட்டைத்தான் பாழாக்கியது.

அவர் பஸ் படிக்குப் போனார். வாந்தி எடுத்த பெண்தான் முன்னால் நின்றாள்.

"ஒன் பேரு இன்னாம்மா?"

"தனுஷா."

"எத்தனாவது படிச்ச?"

"பத்தாவது போவணும்ணா. ஸ்கூல் தொறந்தா."

"மில்லுக்குப் போறியான்னு ஒன்னக் கேட்டாங்களா?"

தனுஷா அவரை விநோதமாகப் பார்த்தாள். "யாரும் கேக்கலண்ணா. நீங்கதான் கேக்கறீங்க."

பத்தாவது போகவேண்டிய பிள்ளை. வார்டன் அம்மாள், "இதெல்லாம் பெரிய பொண்ணுங்கதான், ஏஜென்ட் சொல்லிட்டாரு, நீ ஒன் வேலையப் பார்த்துக்கினு போய்யா" என்று முன்னால் வந்தாள். "இந்தப் பொண்ணு வராது" என்றார் சிங்கராயன். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமலும் ஒன்றைச் சொல்ல முடியும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மற்றவர்களையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். கதையில் வருவதுபோல எல்லோரும் ஓடிவந்து வேனில் ஏறிவிடவில்லை. இசைவாணி என்றொரு பெரிய பெண், "நான் போறேண்ணா. வூட்ல இருந்தா மாமனுக்குக் கட்டி வச்சிடுவாங்க. எனக்கு மில்லே தேவல" என்று சொல்லிவிட்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வயது வந்த மற்றவர்களும் அவள் பின்னால் ஏறினார்கள். அவர்களுக்கு அவரவர் காரணம். சிங்கராயன் ஒவ்வொருத்தியின் பெயரையும் கேட்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லி, "போன் பண்ணும்மா" என்று தன் நம்பரைக் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

எழில்மதி பையை எடுத்துக்கொண்டு வந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறினாள். தனுஷா பின்னால். வேன் வந்த வழியே திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. நாராயணசாமி. சிங்கராயன் ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார்.

"சூசை, இன்னாய்யா ரெண்டு கொறையுதுன்னு பஸ்ல இருந்து கத்தறாங்க?"

"அதுங்க ரெண்டும் வராது. என் பொண்ணு படிக்கப் போவுது. மலைப் பொண்ணு இன்னும் ஸ்கூல் புள்ள, அத அவங்க வூட்ல கொண்டுபோயி வுடப்போறேன். இனிமே என் வண்டி இதுக்கு வராது."

அந்தப் பக்கத்திலிருந்து, "யாருடா நீ? சூசை போனை நீ ஏண்டா எடுத்த? அவன்கிட்ட குடு" என்று கேட்டது.

"சூசை இல்ல. எழில்மதியோட அப்பன் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். எழில்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இருக்கத்தான் முதலில் தோன்றியது. பிறகு, "அழாத கண்ணு" என்றார்.

கூட்டு ரோட்டில் பிலோமினா இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. வெயிலில், ஒரு மைல்கல்லின் மேல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் வந்து பக்கத்தில் நின்றது. ஹாரனுக்காகக் காத்திருந்தவளைப் போல நிமிர்ந்தாள். ஹாரன் வரவில்லை. சிங்கராயன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பிலோமினா, ஏறு. பின்னாடி ஒரு புள்ள கீது, பேரு தனுஷா. அத அவங்கம்மாகிட்ட வுட்டுட்டு, நாலு வார்த்த பேசிட்டு வரணும். எனக்கு சரியாப் பேச வராது. நீ கூட வா."

அவள் மகளைப் பார்த்தாள். பின்னால் இருந்த பெண்ணைப் பார்த்தாள். கடைசியில் புருஷனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அன்றைக்கு அவளுக்குத்தான் பேச்சு வரவில்லை.